ஓயாத மோட்டார்

இஸ்ஹாக்கின் கால் பெருவிரல் கறுத்திருந்தது. கால் கழுவிவிட உட்கார்ந்த அவர் மனைவி ஸாலேஹா அழுக்கென்றுதான் நினைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. விரல் ஐஸில் கிடந்த மீனைப்போலச் சில்லிட்டிருந்தது.

"வலிக்குதா, பாங்?"

"தொட்டியா என்ன? தெரியவே இல்லையே."

மூவார் ஊரில் மத்தியானத்திலிருந்தே மழை. தகரக் கூரையின் சடசடப்பு, பின்பக்கம் ஆற்றுச் சேற்றின் வாடை, அதற்கெல்லாம் அடியில் அவர் மார்புக்குள்ளிருந்து வரும் அந்த மெல்லிய இரைச்சல். இதயம் ஓய்ந்துபோனதால் வைத்த மோட்டார். வயிற்றைத் துளைத்து வெளியே வரும் கம்பி, இடுப்புப் பையிலிருக்கும் பேட்டரிகளில் போய்ச் சேரும். ரத்தம் துடிக்காமல் ஒரே சீராக ஓடுவதால் மணிக்கட்டில் நாடி கிடையாது.

படகு எஞ்சின் பழுது பார்த்தவர் அவர். "ஊர்ல இருக்கிற எஞ்சினையெல்லாம் ஓட வச்சேன். இப்ப ஒரு எஞ்சின் என்னை ஓட்டுது," என்பார்.

இன்று அந்த இரைச்சல் கரகரத்தது. கெண்டைக்காலில் சிவப்புப் பொட்டுகள். கொசுக்கடி என்று நேற்று சொல்லிக்கொண்டாள். இன்று முழங்காலைத் தாண்டியிருந்தன.

உள்ளறையில் கைப்பேசி அடித்தது. போய் எடுத்தாள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஸுரைனி. அக்கா முறை வைத்து 'கக்' என்றுதான் கூப்பிடுவாள்.

"கக், காலையில அங்க கிளினிக்ல எடுத்த ரத்தத்துல பிளேட்லெட் ரொம்ப இறங்கியிருக்கு."

"டெங்கியா?"

"இல்ல கக். போன வாரம் இங்க இருந்தப்ப ரத்தம் கட்டாம இருக்க ஹெப்பாரின் ஏத்தினோமே, அது அவர் உடம்புக்கு ஆகல. கட்டக்கூடாதுன்னு போட்ட மருந்தே இப்ப ரத்தத்தைக் கட்ட வைக்குது. ஆம்புலன்ஸ் அனுப்பியாச்சு. வழியில யாரும் திரும்ப ஹெப்பாரின் போட்டுறக் கூடாது, நீங்களே சொல்லிடுங்க."

போன வாரம் ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாத அந்த இரவுகளில், ஊசிக் குழாயைத் தன் கையால் பிடித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. மருந்து துளித்துளியாக இறங்கியதை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹெப்பாரின் வேணாம், ஹெப்பாரின் வேணாம்," என்று முணுமுணுத்தபடி கூடத்துக்கு வந்தாள்.

பிரம்பு நாற்காலியில் அவர் ஜன்னலைப் பார்த்திருந்தார்.

"பாங், சட்டையை மாத்திக்குங்க. கிளம்பணும்."

"ஸா..." என்றார். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. மிச்சப் பெயர் வரவில்லை. தலை சாய்ந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினாள். கூப்பிட்டாள். மழை அவள் குரலை விழுங்கியது.

மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. அதுதான் எப்போதும் இல்லையே. உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. மார்பில் காதை வைத்தாள். இரைச்சல் கேட்டது. இருக்கிறார். இருக்கிறார்தானே?

மூக்கருகே விரலை வைத்தாள். காற்று வரவில்லை.

வைத்தபடியே இருந்தாள்.

வரவில்லை.

ஈ ஒன்று வந்து அவர் திறந்த கண்ணின் மேல் உட்கார்ந்தது. நடந்தது. இமை அசையவில்லை.

அப்போது இடுப்புப் பை கீச்சிட்டது. பேட்டரி தீர்கிறது. மறுபடி. இன்னும் வேகமாக.

ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்த கைகள் தாமாக எழுந்தன. ஒன்றைக் கழற்றின. புதியதைப் பொருத்தின. பிறகு மற்றதை. கீச்சொலி நின்றது.

"ஒண்ணுமில்ல, பாங். மாத்திட்டேன்," என்று ஈயை ஓட்டினாள்.

உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. மூச்சில்லாத அந்த உடம்புக்குள் மோட்டார் புதுத் தெம்போடு ரத்தத்தைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.