சினைமானி சிவந்தபோது

அறையில் இருந்தவர்கள்: மேலாளர் தேவசிகாமணி, ஆலை மருத்துவர் நளாயினி, தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்க்கும் ஜரினா, அவளோடு ஒரே தொட்டியில் நிற்கும் பூங்காவனம், மேசைமேல் கருவகத்தின் கேட்டைக் காட்டும் சினைமானி. இதில் சினைமானியின் சொல்லுக்கு மட்டுமே சட்டத்தில் மதிப்பு இருந்தது.

ஜரினாவின் அடிவயிற்றில் வைத்ததும் அது சிவந்தது. ஆறு ஆண்டுகளில் முதல் சிவப்பு.

தொட்டியின் நஞ்சு முதலில் தாக்குவது கருவகத்தை. அதையே அபாய மணியாக வைத்துச் சட்டம் எழுதியிருந்தார்கள்: ஒருத்திக்குச் சிவந்தாலும் கூடத்தை மூட வேண்டும். அப்போதெல்லாம் கருக்கள் கலைந்தன. கூடம் மூடிய நாட்களில் அடுப்பு எரியவில்லை. பெண்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்து கருக்காப்பைப் பெற்றார்கள். முருங்கை இலைச்சாற்றில் விளைவித்த நுண்துகள், தினமும் நாக்கடியில் மூன்று சொட்டு. துகள்கள் கருவகத்தைப் போர்த்தி நஞ்சைத் தடுத்தன. மணி அடிப்பது நின்றது. நஞ்சாவியை வெளியேற்றும் காற்றாடிகளையும் ஆலை நிறுத்தியது. அதன்பின் மூன்று பேர் சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள், பழுதில்லாத கருவகங்களோடு.

பூங்காவனத்தின் கால் வீங்கத் தொடங்கியதும் ஜரினா சொட்டைத் துப்ப ஆரம்பித்தாள். நான்கு மாதமாகத் துப்பினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, வேண்டும் என்றிருந்தாள்.

"கூடத்த மூடுங்க சார். செவந்துடுச்சில்ல."

இரத்தத்தில் துகள் ஒன்றுகூட இல்லை என்றாள் நளாயினி. காப்பை மறுத்தவளின் சிவப்பு செல்லாது என்ற விதியை மேலாளர் வாசித்துக் காட்டினார். அந்த விதியைக் கேட்டு வாங்கியது பெண்களின் சங்கம்தான். எவளோ ஒருத்தி சொட்டை மறந்து எல்லோர் பிழைப்பும் போகக் கூடாதென்று. கையெழுத்திட்டவர்களில் பூங்காவனமும் ஒருத்தி.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதாடி?"

"கேட்டா துப்ப உட்டிருப்பியாக்கா?"

மறுபடி சொட்டு எடுத்தால் தேறுமா என்று ஜரினா கேட்டாள். கருவகம் செத்துவிட்டது, இனித் தேறாது என்றாள் நளாயினி. அட்டையில் எழுதினாள்: காக்க வேண்டிய உறுப்பு இல்லை.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். கருவகம் இல்லாதவளுக்குச் சொட்டு வேண்டாம், சினைமானி வேண்டாம், நேர வரம்பும் கிடையாது. எந்தப் பெண்ணையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாத அடித்தொட்டி ஒன்று இருந்தது.

"நீ இனிமே அடித்தொட்டிக்குப் போயிடும்மா. சட்டப்படி உனக்கு ஒண்ணும் ஆவாது."

போகிறேன், அக்காவை மட்டும் வெளிவேலைக்கு மாற்றுங்கள் என்றாள் ஜரினா. அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

அடித்தொட்டியின் ஆவி கசியாமலிருக்க அதன் கதவை வெளியிலிருந்து பூட்ட வேண்டும். அந்த வெளிவேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜரினா உள்ளே போனாள். பூங்காவனம் கதவைச் சாத்திப் பூட்டினாள்.