பதினோரு வருஷக் காவல்

எங்கள் ஊரைச் சுற்றி வர நாற்பது நிமிடம் ஆகும். தபால் ஆபீசுக்குப் பின்னால் தொடங்கி, ஓடைப் பாலம், பிர்ச் மரங்கள், பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசல், அப்புறம் ஆட்டுப்பட்டிகளை ஒட்டி மறுபடி ஊர். என் கணவர் டூகலுக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தனியாக விட்டால் பாதி வழியில் யாரிடமாவது வம்பளந்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதனால் நானும் கூடப் போவேன்.

அந்த டிசம்பர் நாளில் மூன்றரை மணிக்கே வெளிச்சம் வடிந்துவிட்டது. ஈர மண்ணும் அழுகிய இலையும் மணந்தன. ஓடைச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

கல்லறை வாசல் நெருங்கியதும் நான் பேச்சை நிறுத்தினேன். கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் அங்கே காவல் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அடுத்த பிணம் வந்தால்தான் அவருக்கு விடுதலை. அந்தக் காலத்தில் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், தங்கள் ஆள் காவலில் நிற்கக் கூடாதென்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முந்தி உள்ளே ஓடுவார்களாம். வாசலில் அடிதடியே நடக்குமாம். இப்போது இடம் தீர்ந்து தோட்டத்தை மூடிவிட்டார்கள். மிச்சம் இருப்பது என் மாமனார் எங்கள் இருவருக்கும் வாங்கிப்போட்ட இடம் மட்டும்தான். கடைசியாக உள்ளே போனவள் ரொட்டிக்கடை ஜெஸ்ஸி. பதினோரு வருஷம் ஆகிறது.

வாசலைத் தாண்டும்போது கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கால் மாற்றி நின்றார்கள்.

சரளைக்கல் நெரிபட்டது.

மறுபடியும்.

டூகல் நின்றுவிட்டார். "காதுல விழுதா, ஊனா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆடா இருக்கும். பேசாம வாங்க."

"ஆடு இப்படியா பெருமூச்சு விடும்? பாவம்டி. உசுரோட இருக்கறப்பவே அவளுக்கு முட்டி வலி."

"உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நடங்க."

அந்த மனுஷனுக்கு இளகிய மனசு. வாயில் ஒன்றும் நிற்காது. தொப்பியைக் கழற்றி, கம்பியில் கை வைத்து, "நீ போய்ப் படும்மா, ஜெஸ்ஸி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட அந்த இடத்தில் அப்படி ஒரு வார்த்தை விடாது. கையைப் பிடித்து இழுத்தேன். "சொன்னது இல்லேன்னு சொல்லுங்க. இப்பவே."

"தமாஷுக்குச் சொன்னேன்டி."

உள்ளே காலடிகள் மெதுவாகத் தள்ளிப் போயின. சூடான ரொட்டி வாசம் ஒரு கணம் வந்தது.

பிறகு அதுவும் இல்லை.

அவர் செத்துவிடுவார் என்றுதான் பயந்தேன். தூங்கும்போதெல்லாம் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து டாக்டர், "இதயம் கிண்ணுன்னு இருக்கு" என்றபோது அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் மணி மூன்றரை ஆனதும் டூகல் எழுந்துவிடுகிறார். கையில் டீ இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்தக் கதவுக்கு உள்ளே நிற்கிறார்.

"சூப் ஆறுது, வாங்க" என்றால், "மாத்த ஆள் வரலையே" என்கிறார்.

பாதிரியாரைக் கூட்டிப் போனேன். பலனில்லை. எங்கள் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று நகராட்சியில் கெஞ்சினேன். உங்கள் இரண்டு பேரைத் தவிர யாரையும் அங்கே புதைக்க முடியாது என்றுவிட்டார்கள். ஆக, அவரை விடுவிக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

வர வர வீடு திரும்ப நேரமாகிறது. என்னைப் பார்த்தாலும் யாரோ போல் பார்க்கிறார்.

நேற்று கூப்பிடப் போனேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா, ஊனா" என்று சொல்லி, கதவை எனக்காக அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.