முதல் கஸ்டமர் கையில் கத்தி!

கத்தி கழுத்தில் அழுந்தியது.

பவதாரணி கொட்டாவி விட்டாள்!

"சத்தம் போட்ட... சங்கை அறுத்துருவேன்!" என்றான் அவன். கறுத்த முகம். முரட்டு மீசை. தோளில் ஒரு ரெக்சின் பை.

"சத்தமே போடலண்ணே. நீங்க கொஞ்சம் இடப்பக்கமாத் திரும்புங்க. மூஞ்சியில வெளிச்சம் விழல."

"என்னது?"

"வெளிச்சம்ணே... வெளிச்சம்!"

குழப்பத்தோடு திரும்பினான்.

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், பவதாரணி பியூட்டி பார்லர் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கேசரி சாப்பிட்டார்கள். பெரிய கண்ணாடியில் தலை சீவிக்கொண்டார்கள். போய்விட்டார்கள்.

அதோடு சரி!

ஆட்டோவில் மைக் கட்டிக் கூவியாயிற்று. ஏலக்காய் ஏலம் நடக்கிற இடத்தின் வாசலில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. வாங்கிய வியாபாரிகள் அதிலேயே ஏலக்காய் சாம்பிளை மடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள்!

இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, பழையபடி மதுரையில் யாரோ ஒருத்தரின் பார்லரில் போய் நிற்க வேண்டியதுதான். நின்று நின்று கால் வீங்கிய இடம். நினைத்தாலே பவதாரணிக்கு அழுகை வரும்.

தம்பி ஈஸ்வர்தான் யோசனை சொன்னான்.

"அக்கா, ஒரு ரீல்ஸ் போடுவோம். பார்லருக்குள்ள திருடன் நுழையிறான்... கத்தியக் காட்டுறான்... நீ பயப்படாம அவனுக்கு பேசியல் பண்ணிவிடுற. அவன் மனசு மாறி அழுதுக்கிட்டே போறான். ஊரே பாக்கும்!"

"திருடனுக்கு எங்கடா போறது?"

"எஸ்டேட்டுல என் பிரெண்டு பிரபாகரன் இருக்கான். நாடகத்துல எல்லாம் நடிச்சவன். நீ பாத்ததில்ல. நாளைக்கு மலையில இருந்து ஜீப்பு பிடிச்சு வரச் சொல்றேன்."

அதனால்தான் அந்தக் கொட்டாவி!

ஷாம்பு பாட்டில்களுக்கு நடுவே பவதாரணியின் செல்போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர் ரூம் திரைக்குப் பின்னால் ஈஸ்வர். அவனுக்குத் திருடனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

'குரலைக்கூட மாத்திட்டானே... படுபாவி!' என்று மெச்சிக்கொண்டான்.

"என்னைப் பொம்பளையா மாத்து!" என்றான் திருடன்.

"பொம்பளையாவா?"

"முந்தல் செக்போஸ்ட்டுல போலீசு ஒவ்வொரு ஜீப்பா நிறுத்திப் பாக்குது. எஸ்டேட்டுக்குப் போற பொம்பளைகளோட பொம்பளையா ஏறிட்டா... மேல போடிமெட்டு, அந்தப் பக்கம் கேரளா. வெரசா சோலியப் பாரு!"

பவதாரணி அசந்துபோனாள்.

"வசனத்தை மாத்திட்டீங்களா? நல்லாருக்குண்ணே! உக்காருங்க."

"என்ன வசனம்?"

"ஒண்ணுமில்ல... உக்காருங்க! மீசை போகும். பரவால்லையா?"

அவன் மீசையை ஒருதரம் தடவிப் பார்த்தான்.

"எங்கப்பாரு செத்தப்பகூட எடுக்கல... சரி, எடு!"

மீசை போயிற்று. முகத்தில் க்ரீம் ஏறியது. பவதாரணியின் விரல்கள் கன்னத்தில் வட்டம் போட்டன. அவன் கண்கள் சொருகின.

"சொகமா இருக்கும்மா..." என்றவன், திடுக்கிட்டு எழுந்து கத்தியை இறுக்கினான். "ஏமாத்தலாம்னு பாக்காத!"

"நல்லா நடிக்கிறீ... ஆடாம இருங்கண்ணே. அடுத்தது புருவம்."

பற்களில் ஒரு நுனியைக் கடித்து, விரல்களில் நூலை விரித்து, 'சர்'ரென்று இழுத்தாள்.

"அய்யோ... ஆத்தா!"

அதே நேரம்...

திரைக்குப் பின்னால் ஈஸ்வரின் செல்போன் அதிர்ந்தது. அழைப்பது... பிரபாகரன்!

எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்படிப் போன் பண்ணுவான்?

"மாப்ளே, கோவிச்சுக்காத," என்றது பிரபாகரனின் குரல். "போடிமெட்டுலயே ஜீப்பு டயர் வெடிச்சிருச்சு. மாத்து டயரும் இல்ல. இன்னைக்கு என்னால வர முடியாது போலருக்கு..."

ஈஸ்வரின் சிரிப்பு செத்தது!

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"யார்றா நீ?" கத்தி அவன் பக்கம் நீண்டது.

"த... தம்பிண்ணே. துண்டு கொண்டாந்தேன். அக்கா... பிரபாகரன் வந்த ஜீப்பு போடிமெட்டுலயே நிக்குதாம். அவன்... வரலையாம்க்கா."

நூல் அறுந்தது.

பவதாரணி அறுந்த நூலை உதறினாள். மெல்லக் குனிந்து பார்த்தாள். ரெக்சின் பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே தங்கச் சங்கிலிகள். நகைக்கடைச் சீட்டுகூட அவிழ்க்காத சங்கிலிகள்!

இவனையா இடப்பக்கம் திரும்பச் சொன்னோம்?

"எந்தப் பிரபாகரன்?" என்று உறுமினான் அவன்.

"ஷா... ஷாம்பு லோடு கொண்டாற டிரைவர்ணே!" சமாளித்தாள். ஓடினால் கத்தி முதுகில் இறங்கும். கத்தினால் தம்பி மேல் பாயும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். எதிரே இருப்பது கஸ்டமர்... வெறும் கஸ்டமர்!

"ஈஸ்வரு, அண்ணனுக்குச் சேலை வேணும்ல? சந்திரவல்லி அக்காவுக்குப் போன் போட்டு உடனே கொண்டாரச் சொல்லு. அவங்கதான் இவரு ஒசரம்."

சந்திரவல்லி, போடியின் இன்ஸ்பெக்டர். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். வெளியூர்த் திருடனுக்கு மட்டும் தெரியவில்லை.

"பச்சைக் கலர் கேளு," என்றான் அவன். "எனக்கு எடுப்பா இருக்கும்."

ஈஸ்வர் திரைக்குப் பின்னால் பாய்ந்தான்.

"இப்ப கையைக் காட்டுங்கண்ணே. இம்புட்டு முடியோட வளையல் போட்டா செக்போஸ்ட்டுல சிரிப்பாங்க. வேக்ஸ் போட்டு எடுத்துருவோம்."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

அவன் கத்தியை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைப்பிடிகள் மேல் நீட்டினான். பவதாரணி வேக்ஸைத் தாராளமாகவே பூசினாள். கைக்கு மட்டுமா? கைப்பிடிக்கும் சேர்த்து! மேலே துணிப்பட்டையைச் சுற்றினாள். மறுபடி பூசினாள். மறுபடி சுற்றினாள்.

"இதென்ன... மாவுக்கட்டு மாதிரி?"

"ஸ்பெஷல் வேக்ஸ்ணே. காயணும். அசையாதீங்க."

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்!

திருடன் நிமிர்ந்தான். வாசலில் காக்கி!

"அடிப்பாவி!" மடியில் இருந்த கத்தியை எடுக்க, கையை வேகமாக இழுத்தான்.

அடுத்த நொடி அவன் போட்ட அலறலில் பஸ் ஸ்டாண்டில் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் எழுந்து விசில் ஊதிவிட்டார்!

பவதாரணி ஒரே எட்டில் கத்தியைப் பிடுங்கினாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இன்ஸ்பெக்டர் சந்திரவல்லி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எங்கம்மா திருடன்? இந்தப் பொம்பளை யாரு?"

"நான்தான் மேடம்!" என்று விசும்பினான் அவன். "சீக்கிரம் லாக்கப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. இந்தம்மா இன்னும் காலுக்குப் போடல!"

வீடியோவை ஈஸ்வர் அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டான். ராத்திரிக்குள் போடி முழுக்கப் பார்த்தது. மலைமேல் எஸ்டேட்டுகளும் பார்த்தன.

மறுநாள் காலை. கதவைத் திறந்த பவதாரணி, திறந்த வேகத்திலேயே பாதி மூடினாள்.

கீழே தெருவில் போலீஸ் ஜீப்பு. மாடிப்படி முழுக்கப் பெண் போலீஸ்!

"வீடியோ பாத்தேன்," என்றாள் சந்திரவல்லி. முகத்தில் சிரிப்பில்லை. "'வசனத்தை மாத்திட்டீங்களா'ன்னு கேக்குறியே... அதுக்கு என்ன அர்த்தம்?"

பவதாரணிக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஆக... திருட்டு நடந்த மாதிரி நாடகம் போட்டு ஊரை ஏமாத்தப் பாத்திருக்கீங்க!"

"தப்புதான் மேடம். தம்பியை விட்டுருங்க. என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க." கண்களை மூடிக்கொண்டு, விலங்குக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தாள்.

சந்திரவல்லி தொப்பியைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்!

"கையை ஏம்மா நீட்டுற? அந்தக் கையால எங்க மூஞ்சியக் கவனி. அந்தத் திருடனைத் தேடி வெயில்ல நின்னு நாங்க எல்லாரும் கறுத்துக் கரிக்கட்டையா நிக்கிறோம். லாக்கப்புக்குள்ள அவன் மட்டும் மினுமினுன்னு உக்காந்திருக்கான்! ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் பொறுக்கல... வரிசையா வருவாங்க. ஆரம்பி!"

பவதாரணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. க்ரீம் டப்பாவைத் திறந்தாள்.

ஈஸ்வர் வரிசையை எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு இடுப்பையும் பார்த்தான். அக்காவின் காதோரம் குனிந்தான்.

"அக்கா... நிறையப் பேரு துப்பாக்கியோட வந்திருக்காங்க. டிஸ்கவுன்ட் கேட்டா பேசாம குடுத்துரு!"