பொன்பாடி தாண்டிய வண்டி

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மதியம் இரண்டு மணி வரை திருத்தணியில் கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். விஜயராகவன் அதைப் படித்துவிட்டுத்தான் அன்று எட்டரை மணிக்கே கஜபதியின் வீட்டுக்குப் போனான்.

கஜபதி அவன் மனைவி புவனாவின் அண்ணன். இருபத்தெட்டு வருஷம் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றதும் ஒரு பெரிய கார் வாங்கினார். படுக்கையறைச் சுவரில் உலக வரைபடம் ஒன்றை ஒட்டி, சிவப்புப் பேனாவால் கோடு போட்டார்.

சென்னையிலிருந்து கார் கப்பலில் துபாய்க்குப் போகும். சார்ஜாவில் காரோடு ஃபெர்ரி ஏறி ஈரானில் இறங்க வேண்டும். துருக்கி வழியாக கிரீஸ். அங்கே பத்ராஸ் துறைமுகத்தில் இன்னொரு ஃபெர்ரி பிடித்து இத்தாலி. கடைசியாக பிரான்ஸ் கரையில் மூன்றாவது ஃபெர்ரி. இறங்கினால் இங்கிலாந்து.

"ஒரே ரோட்டுல போய் வந்துகினே இருந்துட்டேன் மாப்ள. ஒரு தபா திரும்பாம போவணும்" என்பார்.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருந்த விஜயராகவனுக்கு இங்கிலீஷ் வரும். விசா, இன்ஷூரன்ஸ், ஃபெர்ரி நேரங்கள் எல்லாவற்றையும் அவன்தான் பார்த்தான். ஐந்து வருஷம் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம். நடுவில் கஜபதிக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆக்சிஜன் மெஷினில் இருந்து வந்த குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, படுக்கையில் உட்கார்ந்தபடியே அவர் ஃபெர்ரி நேரங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

போன வாரம்தான் விசா விண்ணப்பம் அவர் கண்ணில் பட்டது. அதில் இரண்டே பெயர்கள் இருந்தன. விஜயராகவன், புவனா.

"என் பேரு எங்க மாப்ள?"

"உன்னால படியே ஏற முடியல பாவா. டாக்டரு இன்னா சொன்னாருன்னு தெரியும் இல்ல."

"படி ஏற வாணாம். வண்டியில உக்காந்துகினு வரேன். பின்சீட்டுல மெஷினை வச்சிக்கலாம்." கஜபதி மூச்சு வாங்கினார். "நான் இல்லாம அந்த வண்டி பொன்பாடியத் தாண்டாது. ஆர்.சி. என் பேர்ல இருக்குது, மறந்துடாத."

பொன்பாடி, ஊருக்கு வெளியே ஆந்திர எல்லையில் இருக்கும் சோதனைச்சாவடி. திருத்தணியிலிருந்து காரில் பத்து நிமிஷம்.

அன்று கிருத்திகை. புவனா மலைக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் அவள் திரும்பிவர மதியம் ஆகும்.

சரியாக ஒன்பது மணிக்கு மின்விசிறி நின்றது. மெஷின் நீளமாக ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது.

"சிலிண்டரைத் தொறந்து உடு மாப்ள."

கட்டில் ஓரத்தில் சிலிண்டர் நின்றது. அதைத் திறக்கும் சின்ன இரும்புச் சாவி அதன் கழுத்தில் நூலில் தொங்கியது. விஜயராகவன் நூலை அவிழ்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

கஜபதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கையெழுத்து... போடறேன். வண்டிய... எடுத்துக்க. சாவி."

விஜயராகவன் யோசித்தான். கையெழுத்துப் போட்டவர் நாளைக்கு மனசு மாறலாம். அண்ணன் போய்விட்டால் கார் தங்கச்சிக்கு. அது சுலபம்.

அவன் எழுந்து சுவருக்குப் போய், வரைபடத்தில் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் கட்டில் சட்டம் அதிர்ந்தது. தைல வாசனையும் வியர்வை வாசனையும் அறையில் நிறைந்தன. மலைமேலிருந்து ஒலிபெருக்கியில் அரோகரா சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அவன் கண் கோட்டோடு போய் இங்கிலாந்தைத் தொட்டபோது பின்னால் சத்தம் நின்றிருந்தது.

மதியம் ஊரே கூடித் தேடியும் சிலிண்டர் சாவி கிடைக்கவில்லை. விஜயராகவனும் கட்டிலுக்கடியில் மண்டியிட்டுத் தேடினான். நெற்றியில் திருநீறு காயாமல் நின்ற புவனா, "இங்கதானே கட்டி வச்சேன், இங்கதானே கட்டி வச்சேன்" என்று நூலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான்கு மாதத்தில் கார் புவனாவின் பெயருக்கு மாறியது.

முதல் ஃபெர்ரிக்கு அவன் இரண்டு டிக்கெட் போட்டான். உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் மூன்று பயணிகள் என்றிருந்தது. மூன்றாவது பயணிக்குப் பெயர் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சக்கர நாற்காலி தேவை என்று மட்டும் இருந்தது.

ரத்து செய்துவிட்டு மறுபடி போட்டான்.

மறுபடியும் மூன்று.

கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். சென்னையில் விசா அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு அவனும் புவனாவும் வெளியே வந்தபோது, வாசலில் நின்ற காவலாளி அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க கூட வந்த பெரியவரை வுட்டுட்டுப் போறீங்களே சார். பாவம், ரொம்ப மூச்சு வாங்குனாரு. சேர் போட்டு உக்கார வச்சேன்."

மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் யாரும் இல்லை. இருக்கை மட்டும் ஈரமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கக் காரில் தைல வாசனை. திருவாலங்காடு கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது புவனா கண்ணாடியை இறக்கவில்லை. வாசனையை இழுத்து இழுத்து முகர்ந்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் வண்டி இல்லையா, அதான்" என்றாள்.

விஜயராகவன் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்துக்கொண்டான்.

ஆனாலும் பயணத்தை விட அவனுக்கு மனமில்லை. அம்மையார்குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பஸ் நிலையம் அருகே நண்பர்கள் பேனர்கூட வைத்துவிட்டார்கள். அதில் காருக்கு முன்னால் கையைக் கட்டி நின்றவன் அவன் ஒருவன்தான்.

கப்பலுக்குக் காரை ஏற்றும் நாள் வந்தது. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. மதியம் மூன்று மணி வெயில். விஜயராகவன் தானே காரை மெல்ல ஓட்டி அந்த இரும்புப் பெட்டிக்குள் நிறுத்தினான். ஆட்கள் சக்கரங்களைக் கட்டி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்கள். மேற்பார்வையாளர் பரந்தாமன் கையெழுத்து வாங்க ஆபீசுக்குப் போனார்.

அப்போதுதான் விஜயராகவனுக்கு நினைவு வந்தது. எல்லைகளில் முத்திரை போட வேண்டிய வண்டிப் புத்தகம் காருக்குள்ளேயே இருந்தது. அது கையில் இல்லாமல் துபாயில் காரை எடுக்க முடியாது.

அவன் காருக்கும் இரும்புச் சுவருக்கும் இடையில் பக்கவாட்டாக நுழைந்து போனான். கதவை ஓரளவுக்குத்தான் திறக்க முடிந்தது. உடம்பைச் சுருக்கி உள்ளே நுழைந்து, முன்னால் இருந்த டேஷ்போர்டு அறையைத் திறந்தான். புத்தகம் இல்லை.

பின்சீட்டில் கிடந்தது.

கையை நீட்டினான். எட்டவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே புகுந்து பின்னால் போனான்.

வெளிச்சம் பாதியாகக் குறைந்தது.

திரும்பிப் பார்ப்பதற்குள் மீதியும் போயிற்று. இரும்பு இரும்பில் மோதும் சத்தம். கம்பி இறங்கும் சத்தம்.

"யோவ், நான் உள்ள இருக்கேன்."

கதவைத் திறக்கப் பார்த்தான். பின்கதவு சுவரில் இடித்து இரண்டு விரல் அகலம்தான் திறந்தது. முன்பக்கம் போகப் பார்த்தான். ஓட்டுநர் சீட், கால் நீளமான ஒருவர் உட்கார்வதற்காகத் தள்ளியதுபோல், முழுக்கப் பின்னால் வந்து அவன் முழங்காலை நெரித்து நின்றது. பக்கத்துச் சீட்டும் அவன் மேல் சாய்ந்து கிடந்தது.

போனில் சிக்னல் இல்லை. கண்ணாடியைக் குத்தினான். கத்தினான். வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

போன் வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்தான். கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனி பிடித்திருந்தன. அவன் ஒருவன் மூச்சில் படிந்த பனி அல்ல அது. முன்கண்ணாடி முழுவதும் மூடியிருந்தது.

முன்சீட்டிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது.

இழுத்து, தேங்கி, இழுத்து.

"பாவா" என்றான் மெல்ல.

மூச்சு நின்றது.

"உக்காந்துகினு வா மாப்ள" என்றது குரல். "தூரம் ஜாஸ்தி."

புவனாவுக்கு விஷயம் தெரிந்தது மறுநாள். கணவன் வீடு திரும்பவில்லை, போனும் போகவில்லை. போலீஸ் விசாரித்தபோது பரந்தாமன் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"கிளம்பிப் போனதை நான் பாத்தேங்க. கூட ஒரு பெரியவரு. இவரு தோள்ல கையப் போட்டுகினு மெதுவா நடந்தாரு. ரொம்ப உயரம். காக்கி பேன்ட்டு. மூச்சு வாங்கிகினே போனாரு. அப்புறம்தான் பெட்டிய மூடி சீல் வச்சேன்."

 அன்று காலைதான் போலீசுக்குக் கொடுக்கப் புவனா கணவனுடைய அடையாள அட்டையைத் தேடி பீரோவைக் குடைந்திருந்தாள். அடியில் மடிக்காமல் சுருட்டிக் கிடந்த ஒரு சட்டையின் பையில் அந்தச் சின்ன இரும்புச் சாவி இருந்தது. அது இப்போது அவள் முந்தானை முடிச்சில் இருந்தது.

"பெட்டி இன்னும் ஹார்பர்லதான் நிக்குது. கப்பல் ராத்திரிதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "எதுக்கும் ஒரு தபா தொறந்து பாத்துடலாமாம்மா? நீங்க எழுதிக் குடுத்தா நிறுத்திடலாம்."

புவனா முடிச்சை இறுகப் பிடித்தாள். ஒரு நாள்தான் ஆகியிருந்தது. உயிர் இருக்கலாம்.

"வாணாங்க. அவரு அதுல இல்ல" என்றாள்.

துபாயில் பதினேழாம் நாள் பெட்டியைத் திறந்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போட்டபடி விஜயராகவன் உட்கார்ந்திருந்தான். கார் கண்ணாடிகளில் உள்பக்கம் கைத்தடங்கள். பெரிய கைகளும், அவனுடைய சின்னக் கைகளும். உடல் விமானத்தில் வந்தது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள். புவனா திறந்து பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. தன் கையாலேயே அரிசி போட்டாள். நந்தியாற்றங்கரையில் எரித்தார்கள்.

காரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். துறைமுகக் கிடங்கின் பின்னால் காற்று இறங்கிய டயர்களோடு அது நிற்பதாக ஒருமுறை போனில் சொன்னார்கள்.

ஐந்து மாதம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தபால்காரர் கஜபதி வீட்டு முகவரிக்கு வந்த நீள உறை ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டு ஸ்டாம்பு. உள்ளே அவளுக்குப் புரியாத எழுத்தில் ஒரு பக்கம். கார் நம்பர் மட்டும் புரிந்தது. தேதியும் புரிந்தது, போன மாதம். வேகமாகப் போன வண்டியை ரோட்டோரக் கேமரா பிடித்த படம் கீழே ஒட்டியிருந்தது.

ஒரு பக்கம் கடல். வளைவான ரோடு. திருத்தணி நம்பர் பலகையோடு அந்தக் கார்.

முன்னால் ஓட்டுபவர் முகத்தில் வெயில் பட்டு வெள்ளையாக எரிந்திருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு பெரிய கைகள் மட்டும் தெரிந்தன.

புவனா படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே, பின்னால், பெல்ட் போட்டபடி விஜயராகவன் இருந்தான். முகம் கருத்து உப்பியிருந்தது. வாய் திறந்திருந்தது, அரிசி ஒட்டியிருந்தது. ஆனால் அவன் செத்தவன்போல் சாய்ந்திருக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, ஒரே ஒரு மூச்சுக்காக எம்பியபடி, கேமராவையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.