பொந்துக்குள் அழுத குரல்

வாண்டுவின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வட்டம் முளைத்திருந்தது. பேனாவால் அதைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால், வட்டம் கோட்டைத் தாண்டியிருந்தது.

"போன வாரம் பந்து எடுக்க, மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பொந்துல கைய விட்டியே, அப்ப பேய் தொட்ட இடம் இது. வட்டம் கையச் சுத்திட்டா நீ அதோட ஆளு!" என்றான் அண்ணன்.

வாண்டு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அன்று பொந்துக்குள் மெத்தென்று ஏதோ உரசியது உண்மைதான். பொந்துக்கு அந்தப் பக்கம் இருப்பது, சாவி தொலைந்து பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அறை. கொஞ்ச நாளாக அங்கிருந்து ஓர் அழுகுரல் வேறு. பச்சைக் குழந்தை அழுவது போலவே இருக்கும். குடியிருப்பே அரண்டுபோய், பொந்தை அடைக்க இன்று கொத்தனாரை வரச் சொல்லியிருந்தது.

அம்மா அவளை மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார்.

"படர்தாமரை," என்றார் கடைக்கார அக்கா. "இந்தக் களிம்பைக் காலையும் ராத்திரியும் தடவணும். அரிப்பு நின்னுடுச்சேன்னு பாதியில விட்டுடாத. வீட்டுல பூனை இருக்கா?"

"இல்லையே," என்றார் அம்மா.

"பூனை, நாய்கிட்ட இருந்தும் ஒட்டும். அதான் கேட்டேன்."

மெத்தென்று உரசியது. குழந்தை மாதிரி அழுதது. வாண்டு "ஐயோ!" என்று எடுத்தாள் ஓட்டம்.

கொத்தனார் ஒரு செங்கல்லை வைத்து முடித்திருந்தார். இன்னொன்று வைத்தால் பொந்து மூடிவிடும். வாட்ச்மேன் பத்தடி தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தார்.

"அடைக்காதீங்க மாமா! உள்ள உசிரு இருக்கு!"

"உசிரு இல்ல பாப்பா, ஆவி," என்றார் வாட்ச்மேன்.

உள்ளே குரல் இழுத்து அழுதது. கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

ஒருவேளை அது பூனையாக இல்லாவிட்டால்? வாண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். ஒரே குளிர்ச்சி. ஏதோ ஒன்று ஈரமாக அவள் விரலை நக்கியது.

வெளியே வந்தது எலும்பும் தோலுமாக ஒரு பூனைக்குட்டி. காதோரம் முடி கொட்டி, வட்ட வட்டமாகச் சொட்டை.

"இதான் உங்க ஆவி. மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டணும்," என்றாள் வாண்டு.

அப்போது பொந்துக்குள்ளிருந்து மறுபடியும் அழுகுரல் வந்தது. வாட்ச்மேன் கொத்தனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எப்படியும் களிம்பு போடப்போற கைதானே," என்று சொல்லி, வாண்டு சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டாள்.