பாலை மரத்துத் தடி

உடையார்கட்டில் காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. காட்டுக்குள் போகிறவர்கள் இலையோடு ஒரு குழை முறித்து அதில் தொங்கவிட்டுத்தான் போவார்கள். உள்ளே இருப்பது தங்களோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

குகதாசன் காட்டுக்குப் போகவில்லை. நடக்கப் போனார். லேசாக வந்த பாரிசவாதத்தில் இடது கை செயலிழந்திருந்தது. தினமும் நடந்தால் இன்னொன்று வராமல் தடுக்கலாம், கையும் மெல்லச் சரிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் வீடு கட்டும் மேசன். கை வராவிட்டால் தொழில் இல்லை.

அன்று நாய்கள் சூழ்ந்துகொண்டன. மரத்தில் தொங்கிய காய்ந்த கொப்பொன்றை இழுத்தெடுத்துச் சுழற்றினார். அவை வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடின. தடி அவரோடு வீட்டுக்கு வந்தது.

"ஆரோ தொங்கவிட்ட குழையையோ கொண்டந்தனீங்கள்?" என்றாள் மனைவி விமலேஸ்வரி.

"விறகுக்கும் உதவாத கொப்பு. உமக்கு அதுவும் பேய்."

"கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ."

"நாய் கடிச்சா நீரோ ஊசி போடுவீர்?"

அடுத்த விடியலில் தடியோடு நடக்கப் போனபோது பனி மூடியிருந்தது. இலைகள் அழுகும் மணம். பின்னால் இன்னொரு காலடி கேட்டது. அவர் நின்றார்.

அதுவும் நின்றது.

ஒரு நாய் பாய்ந்து வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக்கூடத் தூக்காத இடது கை, வலது கையிலிருந்து தடியைப் பறித்து ஓங்கியது. மண்டை உடைந்தது. நாய் செத்த பிறகும் கை நிற்கவில்லை.

இரத்தம் தெறித்த சேட்டோடு சிரித்துக்கொண்டு வீடு வந்தார். "இஞ்ச பாரும், கை வந்திட்டுது."

அவள் தடியைப் பார்த்தாள். காய்ந்த கொப்பில் ஒரு தளிர் விட்டிருந்தது.

அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடத் திரும்பினாள். இடது கை அவள் கழுத்தைப் பிடித்தது.

"விடுங்கோ..."

"நானில்லை, விமலா."

விரல்கள் இறுகின. அவள் கண்கள் மேலே செருகின. வலது கையால் அந்த விரல்களை இழுத்தார். பல்லால் கடித்தார். அசையவில்லை.

கைக்கெட்டும் தூரத்தில், குசினி வாசலில், அடுப்புக்கு விறகு கொத்தும் கோடரி சாத்தியிருந்தது.

எலும்பு ஒரே கொத்தில் விடவில்லை.

அயலவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். வெட்டுண்ட கையை எடுக்கத் திரும்பி வந்தபோது நிலத்தில் இரத்தம் மட்டும் கிடந்தது. தடியும் இல்லை.

மறுநாள் விடிய, கழுத்தில் விரல் அடையாளங்களோடு விமலேஸ்வரி புதுக் குழை முறித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். வழி முழுக்க நாய்கள் மண்டை பிளந்து கிடந்தன.

காய்ந்த குழைகளுக்கு நடுவே தடி பழைய இடத்தில் தொங்கியது. அதைப் பற்றியபடி அவருடைய கை.

அவள் மரத்தில் தொங்கவிடக் குழையை நீட்டினாள். விரல்கள் தடியை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டன.

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் காலடி கேட்டது.

நின்றாள்.

அது நிற்கவில்லை.