பிளாஸ்திரி வாசனை

தேவாலயத்திலிருந்து வந்து கதவைத் திறந்ததுமே வால்புர்காவின் மூக்கில் ஏதோ உறுத்தியது. அடுப்பில் பட்டாணிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பன்றிக் கொழுப்பு உருகும் மணமும், நனைந்த கம்பளிக் கோட்டின் வாடையும், மாடிப்படியில் எப்போதும் தங்கியிருக்கும் நிலக்கரிப் புகையும் வழக்கம்போலவே இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை. பிளாஸ்திரி.

அவள் மலைமேலிருந்த மனநோயாளர் விடுதியில் சலவைக்காரி. ஜன்னல்களுக்குச் சாம்பல் வண்ணம் பூசிய பேருந்துகள் அங்கே வரும் நாட்களில், ஏற்றப்படுகிறவர்களின் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, பெயர் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டுவார்கள். போன ஆட்கள் திரும்பியதில்லை. துணிகள் மட்டும் மூட்டையாக வரும், முதுகுப் பக்கம் பிசுபிசுப்போடு. எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பாழாய்ப்போன பிசின் விடாது.

கையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். வாசனை போகவில்லை.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலம்மா." மூத்தவள் இர்ம்கார்ட் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது. ஞாயிற்றுக்கிழமையானாலும் கட்சிப் பெண்கள் அணியின் சீருடைதான். "கையத் திரும்பத் திரும்பக் கழுவுறியே, என்னாச்சு?"

"ஹெடி?"

"உள்ள சமத்தா இருக்கா."

ஹெடிக்கு ஆறு வயது, வலிப்பு வரும். அப்படிப்பட்ட பிள்ளைகளை ஊர் டாக்டர் மேலே எழுதித் தெரிவித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்த அன்றே, குழந்தை கிராமத்தில் அத்தை வீட்டில் இருப்பதாக வால்புர்கா அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். கணவன் போர்முனையில் இருந்தான். பகலில் ஜன்னல் திரை விலகாது. குழந்தை தரையில் நடக்கும்போது காலில் தடித்த கம்பளிக் காலுறை இருக்கும். உண்மை தெரிந்தவர்கள் இந்த வீட்டுக்குள்ளேயே மூன்று பேர்தான்.

கதவு தட்டப்பட்டது. கிரெமர். இந்தக் கட்டடத்து வீடுகளைக் கண்காணிக்கக் கட்சி நியமித்த ஆள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் ஒரே பாத்திரச் சமையல்தான், மிச்சமாகும் காசு கட்சிக்கு என்று உத்தரவு இருந்ததால், உண்டியலோடு வந்து, அடுப்பு வரை நடந்து, மூடியைத் தூக்கி மோந்து பார்க்காமல் அந்த மனிதர் போனதே கிடையாது.

இன்றைக்கு வாசற்படியைத் தாண்டவில்லை.

"உள்ள வாங்கய்யா, பாத்துட்டுப் போங்க" என்றாள் அவளே.

"எதுக்கும்மா? வாசனையே மூக்கத் துளைக்குதே." சிரித்தார். அவருடைய கண் அவள் முகத்தில் இல்லை, தோளுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. "ஆறிடப் போகுது. மூணு பேரும் நல்லா சாப்பிடுங்க."

கதவை மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று பேர்.

யார் சொன்னது? கீழ்வீட்டுக்காரி இன்று படியில் வழிவிட்டு நின்றாளே, என்றுமில்லாத கரிசனத்தோடு? தேவாலயத்தில் பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்களே? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முகமும் சொல்லியிருக்கும் போலத்தான் இருந்தது.

இர்ம்கார்ட் தட்டு வைத்தாள். இரண்டு பக்கம் பார்த்து நேராக்கினாள். ஒரே ஒரு தட்டுதான் மேசையில் இருந்தது.

"ஏண்டி, ஒண்ணுதான் வச்சிருக்க?"

இர்ம்கார்ட் ஒரு கரண்டியை அதன் பக்கத்தில் வைத்தாள். அணியில் அவளுக்குக் கொடுத்த முதலுதவிப் பை நாற்காலியில் திறந்து கிடந்தது. அதில் கத்தரிக்கோல். பாதி தீர்ந்த பிளாஸ்திரிச் சுருள்.

வால்புர்கா உள்ளறைக்கு ஓடினாள்.

திரை விலகியிருந்தது. ஜன்னலருகே நாற்காலியில் ஹெடி, கோட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டு, புதிதாகப் பின்னிய சடையோடு, காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! நான் பஸ்ல போறேனே!"

கோட்டைப் பிடித்திழுத்தாள். சட்டையைத் தூக்கினாள். அந்தச் சின்ன முதுகில், நடுவில், வெள்ளைச் சதுரம். ஹெடியின் பெயர். இர்ம்கார்டின் குண்டு குண்டான கையெழுத்து.

"அடிப்பாவி! உன் தங்கச்சிடீ!"

"அவளுக்கு வலிக்கவே வலிக்காதாம்மா." வாசலில் நின்ற இர்ம்கார்டின் உதடு நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. "டாக்டர் சத்தியம் பண்ணிச் சொன்னார்."

வால்புர்கா பிளாஸ்திரியை நகத்தால் கிளப்பினாள். தோல் இழுபட்டது. குழந்தை வீறிட்டது. ஒரே இழுப்பில் பிய்த்து, கசக்கி, ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வாசனை போகவில்லை.

"பஸ்ஸைப் பத்தி வெளிய பேசாதன்னு எத்தனை வாட்டி கெஞ்சினேன்?" என்றாள் இர்ம்கார்ட். "சலவைக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கியாமே. ஏம்மா கேக்கல நீ?"

தெருவில் ஒரு எஞ்சின் சத்தம். நின்றது.

வாசனை அறையில் இல்லை. கையில் இல்லை. அவளுக்குப் பின்னால் இருந்தது. அவளோடேயே நகர்ந்தது. காலையில் தேவாலயத்துக்குக் கிளம்பும்போது, எட்டாத பின்பக்கப் பொத்தான்களை இர்ம்கார்ட்தான் போட்டுவிட்டாள். அப்போது முதுகில் ஜில்லென்று ஏதோ பட்டது. பூசை முடியும்வரை அரித்தது.

கழுத்துப்பட்டைக்குள் கை போனது. இன்னும் கீழே. தோள்பட்டைகளுக்கு நடுவே.

ஒரு விளிம்பு. ஒட்டிய துணியின் விளிம்பு.

படிகளில் பூட்ஸ் சத்தம். கிரெமர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

இர்ம்கார்ட் பின்னால் வந்து நின்றாள். காலையில் செய்தது போலவே, அம்மாவின் முதுகை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தடவிவிட்டாள்.